இருநூறு மீட்டர்க்காரி

— பையைத் தொற, நங்கி, தங்கச்சி. முழுக்கத் தொற.

— தொறந்துதான் கிடக்கு. உடுப்பு, துவாய், அப்பாவுக்கு மோல்ட் மா டின் ஒண்டு. வேற ஒண்டும் இல்ல.

— இது என்ன? சப்பாத்துக்கு அடியில ஆணி? இது யாருக்குக் கொண்டு போறது?

— எனக்குத்தான். ஓடுற சப்பாத்து. ஆணி நிலத்தப் பிடிச்சாத்தான் கால் வழுக்காது. ஒவ்வொரு தடவையும் இந்தத் துறையில இதத்தான் கேக்கிறீங்க.

— நான் புது ஆள். போன மாசம்தான் இந்த ஆமிக் காம்புக்கு வந்தது. அடையாள அட்டை குடு. கதிர்காமத்தம்பி சீதேவி... ஆ! சீதேவி! டீவில வந்தது நீயா? கொழும்பில இருநூறு மீட்டர் ஓடினது?

— ஓம். நான்தான்.

— எங்க வீட்டுல எல்லாரும் பாத்தது. என் தங்கச்சி கத்தினது. மெடல் இருக்கா? சோதனை இல்ல, சும்மா பாக்க.

— துவாய்க்குள்ள சுத்தி வெச்சிரிக்கன். இந்தாங்க. கெதியாத் தாங்க, தோணி வெளிக்கிடப் போகுது.

— பாரமா இருக்கு. ஏன் ஒளிச்சு வைக்கிறது?

— இந்தக் கரையில காட்டலாம். அந்தக் கரையில இயக்கம், காட்டேலா.

— அப்ப ஏன் அந்தக் கரைக்குப் போறது? அங்க நல்லா இல்ல, நங்கி. மூணு கிழமையா அங்க இருந்து பொம்புளப் புள்ளைகள் இந்தப் பக்கம் வருது. அழுதுகொண்டு வருது. இந்தப் பக்கம் இருந்து போறது நீ மட்டும்தான்.

— அப்பாவுக்குக் கடும் வருத்தம். கடிதம் வந்தது. போகாம ஏலா.

— சரி, போ. தோணிக்காரா! உனக்கும் சொல்றது. தோணி போனா நேரா அக்கரைக்குப் போக வேணும். நடுவில திரும்பி வந்தா மேல சென்றிக் கோபுரத்துல இருக்கிறவன் சுடுவான். நான் இல்ல, மேல இருக்கிறவன். அவனுக்கு ஓடர். விளங்கினதா?

— விளங்கிச்சு ஐயா. போன கிழமை திரும்பி வந்த ஆள்ட பிரேதத்த நான்தானே ஏத்திட்டுப் போனன்.

— அப்ப போ. நங்கி, நல்லா ஓடு.

— ஏறு மனே. பையை நடுவில வை. எனக்கு முன்னால இரி. அப்பிடி இல்ல, முகத்த இஞ்சால வெச்சு, என்னப் பாத்து இரி. ஆடாத.

— என்ன கோணாமலை மாமா, ஒருத்தரையும் காணல்ல? இண்டைக்குச் சந்தை நாள். இருவது பேராவது நிப்பாங்களே.

— வந்தாங்க. மறுகா வாங்க எண்டு திருப்பி அனுப்பிட்டன்.

— ஏன்?

— தோணி ஒழுகுது. பாரம் தாங்காது.

— உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே.

— உனக்குக் காலும் கெதி, கண்ணும் கெதி. இரி மனே. எத்தன நாளைக்குப் பொறகு வாற?

— ரெண்டு வருசம். வரக்கூடாதெண்டு இல்ல மாமா. கொழும்பில ஒரு நாள் பயிற்சிய விட்டா ஒரு கிழமை பின்னுக்குப் போயிடுவம். வந்தா ரெண்டு கரையிலயும் பதில் சொல்லணும். அங்க எங்க போன, ஆரக் கண்ட, இஞ்ச ஏன் வந்த. வராம இருந்தா ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல. அதுதான் வரல்ல. மனசக் கல்லாக்கிட்டு இருந்தன்.

— அந்த ஓட்டத்தச் சொல்லு. ஊருல டீவி இல்ல, கரண்டும் இல்ல. றேடியோவுல உன்ட பேரச் சொன்னதுதான் கேட்டம்.

— என்னத்தச் சொல்ற. வளைவால வரக்குள்ள நான் நாலாவது. எனக்கு எப்பவும் அப்பிடித்தான், வளைவுல பின்னுக்கு நிப்பன், நேர்க்கோட்டுக்கு வந்தாத்தான் என்ட கால் என்ட சொல்லுக் கேக்கும். முன்னால மூணு பேர்ட முதுகு தெரிஞ்சுது. பொறகு ரெண்டு. பொறகு ஒண்டு. பொறகு ஒருத்தரும் இல்ல, வெறும் சிவப்புத் தரை மட்டும். அந்த றப்பர் தரையில கால் விழுற சத்தமே வராது மாமா. என்ட மூச்சுத்தான் எனக்குக் கேட்டுது.

— இருநூறு மீட்டர் எண்டா எவ்வளவு தூரம் வரும்? இந்த ஆறளவு வருமா?

— இந்த ஆத்துல ஒரு துண்டுதான். அந்த வலைக்கம்பு நிக்குதே, துறையில இருந்து அது மட்டும் வரும்.

— அதுக்கு எவ்வளவு நேரம்?

— இருவத்திநாலு செக்கனும் கொஞ்சமும்.

— இந்தக் கம்ப நான் நாலு தரம் ஊண்டி எடுக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கா மனே நீ பத்து வருசம் பாடுபட்ட?

— என்ன ஓடப் பழக்கின நல்லரத்தினம் சேரும் இப்பிடித்தான் கேப்பார், பகிடிக்கு. நேத்து டவுனில அவரக் கண்டு மெடலக் கையில குடுத்தன். மனுசன் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப்போட்டு, உனக்கு ஞாபகம் இரிக்கா, கண்டியில படுத்தது எண்டு கேட்டார்.

— கண்டியில படுத்ததா?

— அது உங்களுக்குத் தெரியாதா? என்ட முதல் பெரிய போட்டி. பதினஞ்சு வயசு, வெறுங்கால். கோட்டுல குனிஞ்சு நிண்டம். வெடி வெச்சானுகள். எல்லாரும் ஓடினாங்க, நான் நிலத்துல குப்புறப் படுத்திட்டன்.

— ஏன்?

— ஏனெண்டு நீங்களா கேக்கிற? ஊருல வெடி கேட்டா நாம என்ன செய்யிற?

— படுக்கிறதுதான்.

— அதத்தான் செஞ்சன். தலைக்கு மேல கையையும் வெச்சிட்டன். பாக்க வந்த சனமெல்லாம் சிரிச்சுது. அதுக்குப் பொறகு சேர் ரெண்டு பலகைத் துண்டு எடுத்து ஆறு மாசம் எனக்குப் பின்னால நிண்டு அடிச்சு அடிச்சுப் பழக்கினார். வெடி எண்டா எழும்பி ஓடு. வெடி எண்டா எழும்பி ஓடு. வீட்ட அம்மா படு எண்டுவா, கிரவுண்டுல சேர் ஓடு எண்டுவார். எனக்கு மண்டை கலங்கிப் போயிடும்.

— வயல் வட்டைக்குள்ள நீ ஓடித் திரிஞ்சது எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. வரம்பால ஓடுவ. ஒருநாளும் விழ மாட்ட.

— வட்டைய விட்டா வேற எங்க ஓடுற? ரோட்டுல ஓடினா ஆமி சுடும். வட்டைக்குள்ள ஓடினா இயக்கப் பொடியனுகள் மறிச்சு, ஆருக்குத் தகவல் கொண்டு ஓடுற எண்டு கேப்பானுகள். கொழும்புக்குப் போயும் விடல்ல. விடிய முந்தி வெள்ளாப்புல கடற்கரையில ஓடினன், பொலிஸ் ஏத்திட்டுப் போய் மத்தியானம் வரைக்கும் இருத்தி வெச்சானுகள். தமிழ்ப் பொட்டை ஏன் இருட்டுக்குள்ள ஓடுறாள் எண்டு. இந்த நாட்டுல சும்மா ஓடுற ஆளே கிடையாதாம் மாமா. ஒண்டு துரத்துவானுகளாம், இல்லாட்டித் துரத்தப்படுவானுகளாம்.

— அது பொய்யில்ல.

— தை மாசம் மலேசியாவில போட்டி. என்னையும் எடுத்திரிக்கு. பாஸ்போட் வந்திட்டுது, பைக்குள்ளதான் கிடக்கு. அதுல நல்லா ஓடினா அங்க ஒரு பல்கலைக்கழகத்தில படிக்கவும் ஓடவும் இடம் தருவாங்களாம். அப்பாவுக்கு அதச் சொல்லணும். அதக் கேட்டா எழும்பி இருந்திடுவார். ஏன் மாமா இவ்வளவு மெதுவாப் போறீங்க?

— காத்து எதிர் மனே.

— காத்து என்ட முகத்துல அடிக்குது. நான் உங்களப் பாத்து இரிக்கன். அப்ப காத்து உங்கட முதுகுக்குப் பின்னால இருந்துதான் வருது. காத்து எங்கால எண்டு பாக்கிறதுதான் எங்கட முதல் வேல. நீங்க வேணுமெண்டுதான் மெதுவாப் போறீங்க.

— வயசு போயிட்டுது. கை ஏலாது.

— அப்ப நான் கம்பப் பிடிக்கன், நீங்க இரிங்க. அப்பா அங்க கிடக்கிறார். என்னப் பாக்காமப் போயிட்டா நான் என்ன செய்யிற?

— எழும்பாத! எழும்பாத மனே, தோணி கவுந்திடும். இரி.

— என்ன மாமா, அது என்ன சத்தம்? ஸ்பீக்கரா? எங்க ஊருல திருவிழாவா இப்ப?

— திரும்பாத. என்னப் பாத்து இரி.

— ஏன் திரும்பக்கூடாது? ...வாழ கட்டியிரிக்கு. துறையில பந்தல் போட்டிரிக்கு. சிவப்பும் மஞ்சளுமாக் கொடி. மாமா, ஊரே நிக்குது! ஆருக்கு?

— உனக்கு.

— எனக்கா?

— ஓம். உன்ன வரவேற்கத்தான். மாலையும் கட்டியிரிக்கு. பள்ளிக்கூடப் புள்ளைகள வரிசையா நிப்பாட்டியிரிக்கு.

— என்ட அம்மாளே. எனக்கா? நான் ஒளிச்சு ஒளிச்சு மெடலக் கொண்டு வாறன், ஊரு பந்தல் போட்டு நிக்குதா? இத ஏன் மாமா அப்பவே சொல்லல்ல? முகத்தப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி. தலையக்கூட இழுத்துச் சீவாம வந்திட்டன்.

— மனே, ஒரு விசயம் கேக்கன். உனக்கு என்னெண்டு கடிதம் வந்தது?

— அப்பாவுக்குக் கடும் வருத்தம், கண்ண மூடுறதுக்குள்ள உன்னப் பாக்கணும் எண்டு கேக்கிறார், எப்பிடியும் ஞாயித்துக்கிழமைத் தோணிக்கு வந்திடு எண்டு. அம்மா எழுதினது.

— உன்ட அம்மா புஸ்பத்துக்கு எழுதத் தெரியுமா?

— தெரியா. ஆரிட்டயாவது சொல்லி எழுதுவிச்சிருப்பா. எப்பவும் அப்பிடித்தானே. ஏன்?

— தகப்பன் சாகக் கிடக்கிற ஊருல மகளுக்குப் பந்தல் போடுவாங்களா? நேத்துப் பின்னேரம் கதிர்காமத்தம்பியக் கண்டன். வரம்பு கட்டிட்டு மண்வெட்டியத் தோளில வெச்சுக்கொண்டு வந்தான். என்னட்ட வெத்தில வாங்கிப் போட்டான். ஒரு வருத்தமும் இல்ல அவனுக்கு.

— அப்ப அந்தக் கடிதம்?

— அவன் எழுதல்ல. புஸ்பமும் எழுதல்ல. நீ வாறதே அவங்களுக்கு இண்டைக்குக் காலையிலதான் தெரியும். பந்தல் போட்ட பொறகுதான் தெரியும்.

— நஸீறா சொன்னாள் மாமா. காத்தான்குடி நஸீறா, என்னோட அஞ்சலோட்டம் ஓடினவள், ஹொஸ்டலில என்ட அறை. கடிதத்த வாங்கிப் பாத்திட்டு, இஞ்ச பாரு சீதேவி, ஒரு இடத்திலயும் மகள் எண்டு இல்ல, உன்ட பேரு முழுசா எழுதிக் கிடக்கு, உம்மா ஒருத்தி இப்பிடி எழுதுவிப்பாவா, போகாத புள்ள எண்டாள். நான் ஏசிப்போட்டு வந்தன். ஆரு மாமா எழுதின?

— பந்தல் போட்ட இயக்கப் பொடியனுகள்தான்.

— எனக்கு என்னத்துக்கு அவனுகள் பந்தல் போடுறானுகள்? நான் அரசாங்கத்துட மெடல் வாங்கினவள்.

— அதுதான் காரணம். இப்ப சண்டைக்கு வீட்டுக்கொரு ஆள் கேக்கிறானுகள் மனே. நீ கொழும்பில இருந்ததால உனக்குத் தெரியா. எல்லா வீட்டுக்கும் எழுதிட்டானுகள். உங்கட வீட்டுல அண்ணன் வெளிநாட்டுல, கட்டாருல. மிச்சம் ஆரு?

— நான்.

— ஒரு வீட்டுல போய் ஒரு புள்ளயப் புடிச்சா தாய் தகப்பன் மண்ணள்ளித் தூத்துதுகள். ஊரு முழுக்கக் குளறுது. நீயா வந்தாய் எண்டு காட்டினா அப்பிடி இல்ல. மாலை போடுவானுகள். மேடையில ஏத்தி மைக்கத் தருவானுகள். படம் எடுப்பானுகள். கொழும்பில ஓடினவளே வந்திட்டாள், உன்ட மகளுக்கு என்ன எண்டு மறுகா ஒவ்வொரு வாசலிலயும் கேப்பானுகள். மேடைக்குப் பின்னால வாகனம் நிக்குது. நான் கண்டன்.

— நான் மேடையில ஏற மாட்டன்.

— ஏறாட்டியும் வாகனத்துல ஏத்துவானுகள்.

— என்ட கால் மாமா இது! ஆமிக்கும் குடுக்கல்ல, இவனுகளுக்கும் குடுக்க மாட்டன். என்னை விட்டிட்டு ஓடின ஆக்கள் எத்தன பேர், நான் எத்தன பேர விட்டிட்டு ஓடினன், ஒருத்தரும் என்னத் தூக்கி விடல்ல. பச்சத்தண்ணியக் குடிச்சிட்டு ஓடியிரிக்கன். நகம் பிஞ்சு ரத்தத்தோட ஓடியிரிக்கன். ரெண்டு மாசத்துல மலேசியா. ரெண்டே ரெண்டு மாசம். தோணியத் திருப்புங்க.

— திருப்பேலா. துறையில அந்த ஆமிப் பொடியன் சொன்னது கேட்டதுதானே. பாதி தூரம் வந்திட்டம். திருப்பினா மேல இருக்கிறவன் அடிப்பான்.

— நான் எழும்பி நிண்டு மெடலக் காட்டுறன். அவனுக்கு என்னத் தெரியும்.

— கீழ நிக்கிறவனுக்குத்தான் உன்னத் தெரியும். மேல நிக்கிறவனுக்குத் தோணி மட்டும்தான் தெரியும்.

— அப்ப நான் என்ன செய்யிற? தண்ணியில ஓடேலாது. நீந்தவும் தெரியா எனக்கு. ஆத்தங்கரையில பொறந்து நீந்தத் தெரியாத ஒரே ஆள் நான்தான், நேரமெல்லாம் ஓடியே போயிட்டுது. சொல்லுங்க மாமா. என்ன செய்யிற? ஏன் கம்பத் தூக்கிட்டீங்க?

— இந்தா, இடக்கைப் பக்கம் தண்ணிக்குள்ள வேர் விட்டு நிக்கிற கண்ணாப் பத்தை தெரியுதா? அதுக்குப் பின்னால ஒரு திட்டு இரிக்கு. அந்த மறைவுல தோணி நிண்டா ரெண்டு கரைக்கும் தெரியாது. வலையில கம்பு சிக்கிட்டுது எண்டு நினைப்பானுகள், கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிப்பானுகள். அந்தத் திட்டில இருந்து தெற்கால இடுப்பளவு தண்ணிதான். வழி முழுக்க அப்பிடித்தான், ஆழமில்ல. கண்ணா ஓரத்தப் பிடிச்சுக்கொண்டே நடந்தியெண்டா நாம வெளிக்கிட்ட எழுவான்கரையில தென்னந்தோட்டத்தடியில ஏறுவ. அங்க சென்றி இல்ல. மீன்காரர் வலை காயப்போடுற இடம். ரோட்டுக்கு ஏறினா கல்முனை பஸ் வரும்.

— உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, ஆழமில்லையெண்டு?

— முப்பது வருசமா இந்தக் கம்ப ஊண்டுறன் மனே. இந்த ஆத்துட அடி எனக்கு என்ட வீட்டு முத்தம் மாதிரி.

— அப்ப போங்க. கெதியாப் போங்க.

— போறன். குனிஞ்சு இரி. தலையத் தாழ்த்து. ...மெதுவா இறங்கு. கால் சேத்துல புதையும், பயப்படாத. ஆ, அப்பிடித்தான். பையக் கொண்டு போகாத, நனைஞ்சு பாரம் இழுக்கும். பாஸ்போட்ட மட்டும் எடுத்துத் தலையில கட்டு.

— மோல்ட் மாவ அப்பாவுக்குக் குடுங்க.

— குடுக்கன்.

— அப்பா அம்மாவ என்ன செய்வானுகள்?

— ஏசுவானுகள். ரெண்டு நாளைக்குக் கூப்பிட்டு இருத்துவானுகள். வயசான ஆக்கள், மறுகா விட்டிருவானுகள். அப்பிடித்தான் மத்த வீடுகளிலயும் நடந்தது.

— உங்கள?

— என்னையா? நான் கிழவன். நடு ஆத்துல குதிச்சிட்டாள், தண்ணி இழுத்திட்டுது எண்டு சொல்லுவன். தோணியப் பறிப்பானுகளா? பறிக்கட்டும். பழந்தோணி.

— என்ட அப்பாகூடச் செய்ய ஏலாத உதவிய நீங்க எனக்குச் செய்யிறீங்க. நான் இத மறக்க மாட்டன் மாமா. மலேசியாவில இருந்து...

— எனக்கு ஒண்டும் சொல்லாத. நன்றி கின்றியெண்டு ஒண்டும் சொல்லாத. போ.

— ஏன் கத்துறீங்க?

— போ எண்டு சொன்னன்!

— சரி. போறன். கோவிக்காதீங்க. ...தண்ணி குளிருது. இந்த வேரப் பிடிச்சுக்கொண்டா போற?

— ஓம். அப்பிடியே. கண்ணா முடியிற இடத்துல இடப்பக்கம் திரும்பு. வலப்பக்கம் பாக்காத. ...மனே? ஏன் நிண்டுட்ட?

— மாமா. இஞ்ச கண்ணாவுக்கு நடுவுல ஒரு இடைவெளி இரிக்கு. இதால அக்கரைத் துறை தெரியுது.

— உன்ன வலப்பக்கம் பாக்க வேணாமெண்டு சொன்னன்.

— வரிசையில நிக்கிற புள்ளைகளுக்குத் தள்ளி, தண்ணி ஓரத்துல ஒரு புள்ள தனிய நிக்கிறாள். வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடச் சட்டை, ஆனா ஊத்தையாக் கிடக்கு. ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் துவக்கோட நிக்கிறாங்க. சின்னப் புள்ள மாமா. ஆரது?

— எனக்கென்ன தெரியும்.

— நீங்க பாக்கவே இல்லையே. பாக்காமலே தெரியாதெண்டு சொல்றீங்க.

— நேரம் போகுது மனே. கம்பு சிக்கினா இவ்வளவு நேரம் எடுக்காது. போயிடு.

— ஆரெண்டு சொன்னாத்தான் இஞ்ச இருந்து அசைவன்.

— என்ட இளையவள். இராசாத்தி.

— அவள் ஏன் அங்க நிக்கிறாள்?

— புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள இவனுகள் வாகனத்துல ஏத்தினானுகள். நாலு நாளா அந்தச் சட்டையோடதான் இரிக்காள். நான் போய்க் காலுல விழுந்தன். அவனுகள்ட பொறுப்பாளன் நல்ல மாதிரித்தான் கதைச்சான். கதிரையில இருத்தித் தேத்தண்ணி தந்தான். ஐயா, ஞாயித்துக்கிழமை சீதேவி உங்கட தோணியிலதான் வருவா, வேற ஆக்கள ஏத்தாதீங்க, அவவக் கொண்டந்து இறக்கிட்டு இவள ஏத்திட்டுப் போங்க எண்டு சொன்னான்.

— என்னக் குடுத்தா அவளத் தருவானுகள்.

— அப்பிடித்தான் சொன்னான்.

— தருவானுகளா?

— தெரியா. துறையில கொண்டந்து நிப்பாட்டியிரிக்கானுகளே. தாறதுக்குத்தானே நிப்பாட்டியிரிப்பானுகள். அவள்ட தாயும் அங்கதான் நிக்கிறாள், சோத்துப் பொதியோட. நாலு நாளா அவள் சாப்பிட்டாளோ தெரியா.

— இத வெச்சுக்கொண்டா என்ன இறக்கி விட்டீங்க?

— துறையில ஏத்தக்குள்ள உன்னக் குடுக்கிறதெண்டுதான் ஏத்தினன். பொய் சொல்ல மாட்டன். ராத்திரி முழுக்க அதத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வெச்சிருந்தன், ஆரோ ஒருத்தி, ஊர விட்டுப் போனவள், கொழும்புக்காரி எண்டு. நீ கதைச்ச. வெறும் சிவப்புத் தரைதான் தெரிஞ்சுது எண்டு சொன்ன. பேசாம வந்திருந்தா குடுத்திருப்பன் மனே.

— எத்தன வயசு அவளுக்கு?

— மாசி வந்தா பதினாலு. சின்ன உடம்பு. அவளுக்கு ஒரு குடம் தண்ணி தூக்க ஏலாது, அவளக் கொண்டு போய் என்ன செய்யப்போறானுகளோ... வேணாம், இதக் கேக்காத. ஓடு. நான் மனசு மாறிடுவன். எனக்கு என்னையே நம்பேலா. ஓடு மனே, ஓடு!

— கம்ப இஞ்சால நீட்டுங்க மாமா, ஏறுறன். அவள் தோணிக்குள்ள கால் வெச்ச பொறகுதான் நான் கரையில கால் வைப்பன். அத அவனுகளுக்கு நானே சொல்லுறன்.